வண்டிக்கு ஒயர் தேர்வும் இணைப்பும்: ஆம்பியர் கணக்கிலிருந்து கிரிம்ப்பிங் வரை

வண்டியில் கூடுதலாக ஒரு விளக்கோ ஹாரனோ சின்னக் குளிர்பெட்டியோ மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பத்து ஆம்பியருக்கு எந்த ஒயர் வாங்கணும்?" என்றுதான். இது பாதிக் கேள்வி. "எவ்வளவு தூரத்துக்கு?" என்பது மீதிப் பாதி. அதைக் கேட்காமல் வாங்கிய ஒயர் தீப்பிடிக்காமல் போகலாம். ஆனால் விளக்கு மங்கும், பெட்டி குளிராது, பழி பேட்டரி மேல் விழும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியான பியூஸ் போட்ட ஒயர் நடுவழியில் கெடுவது அபூர்வம். சூடேறுவதும் உருகுவதும் கருகுவதும் பெரும்பாலும் முனைகளில்தான். அதனால் கீழே கணக்கைவிட இணைப்புகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட், 24 வோல்ட் வண்டிகளுக்கு. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு உறை போட்ட கேபிள்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். அவற்றின் பக்கமே போக வேண்டாம். ஏர்பேக் ஒயர்களும் அப்படித்தான். பெரும்பாலும் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ போட்டிருப்பார்கள். அதில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பதுகூட ஆபத்து.

1. எவ்வளவு கரன்ட் ஓடும்?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட்; 12 ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். அதே வேலை 24 வோல்ட்டில் 4.6 ஆம்பியரில் முடிந்துவிடும். லாரி, பஸ்களில் 24 வோல்ட் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: கரன்ட் பாதியானால் செம்பும் குறையும்.

மோட்டார் உள்ள சாதனங்கள் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. 1000 வாட் வெளியே வர, உள்ளே வீணாவதையும் சேர்த்து 12 வோல்ட்டில் சுமார் 100 ஆம்பியர் போகும். பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கினால் இன்வெர்ட்டர் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளாது, கூடுதலாகத்தான் இழுக்கும். ஆகவே இன்வெர்ட்டருக்கான கணக்கைத் தாழ்ந்த வோல்ட்டில் போட வேண்டும்.

எல்.இ.டி. விளக்குப் பட்டையின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நான் நம்புவதில்லை. டி.சி. கிளாம்ப் மீட்டர் (ஒயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்துக் கரன்ட்டை அளக்கும் கருவி) வைத்து அளந்தால் பல நேரம் பாதிகூட இருக்காது. ஒயர் தேவைக்கு மேல் தடிமனாவதால் கெடுதல் இல்லை. பியூஸை மட்டும் அளந்த கரன்ட்டுக்கு ஏற்பப் போடுங்கள்.

2. தூரத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்

ஒயரின் அளவை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, உறை உருகாமல் எவ்வளவு கரன்ட் தாங்கும் என்பது. மற்றொன்று, வழியில் எத்தனை வோல்ட் தொலையும் என்பது. 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது எட்டு சதவீதத்துக்கும் மேல்.

மெல்லிய உறை கொண்ட வாகன ஒயர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தாங்குதிறன் இது:

0.5 சதுர மி.மீ. – 11 ஆம்பியர்
1.0 சதுர மி.மீ. – 16.5 ஆம்பியர்
1.5 சதுர மி.மீ. – 21 ஆம்பியர்
2.5 சதுர மி.மீ. – 29 ஆம்பியர்
4.0 சதுர மி.மீ. – 39 ஆம்பியர்
6.0 சதுர மி.மீ. – 50 ஆம்பியர்

இவை காற்றோட்டத்தில் தனியாகக் கிடக்கும் ஒயருக்கான எண்கள். எஞ்சின் பக்கம், பத்து ஒயரோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்குள் போகிறது என்றால் இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து, தொலையும் வோல்ட். செம்பு ஒயருக்கான கணக்கு எளிது: 0.018 ஐ மொத்த நீளத்தால் (மீட்டரில்) பெருக்குங்கள், ஆம்பியரால் பெருக்குங்கள், ஒயரின் சதுர மி.மீ. அளவால் வகுங்கள். மொத்த நீளம் என்பது போகும் ஒயரும் திரும்பும் ஒயரும் சேர்ந்தது. எர்த், அதாவது திரும்பும் ஒயர், சாதனத்துக்கு அருகிலேயே பாடியில் முடிகிறது என்றால் அந்தச் சின்னத் துண்டை மட்டும் சேர்த்தால் போதும். ஃபைபர் பாடி, டிரெய்லர் போன்றவற்றில் திரும்பும் ஒயரையும் முழுசாக எண்ணியாக வேண்டும்.

எவ்வளவு தொலையலாம்? ஹெட்லைட், பம்ப், சார்ஜர், குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு 3 சதவீதம், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட். உள்விளக்கு, ஹாரன் மாதிரியானவற்றுக்குக் கொஞ்சம் தாராளமாக விடலாம். ஹாலோஜன் பல்பு இதில் ரொம்பக் கறார்: மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும்.

வேனின் பின்பக்கம் வைக்கும் குளிர்பெட்டியை எடுத்துக்கொள்வோம். 5 ஆம்பியர், பேட்டரியிலிருந்து 6 மீட்டர், திரும்பவும் 6 மீட்டர். 0.018 × 12 × 5 = 1.08. மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் 0.5 சதுர மி.மீ. ஒயரே 11 ஆம்பியர் தாங்கும், தாராளம் என்று தோன்றும். ஆனால் 1.08 ஐ 0.5 ஆல் வகுத்தால் 2.16 வோல்ட்! பேட்டரியில் 12.4 இருக்க, பெட்டிக்குப் போய்ச் சேருவது 10.2. கம்ப்ரெசர் ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று பெட்டி தானே நின்றுவிடும். நின்றதும் கரன்ட் இல்லை, வோல்ட் ஏறும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இந்தக் கூத்தைப் பார்த்துப் பேட்டரியை மாற்றியவர்கள் நிறையப் பேர். 1.5 போட்டால் 0.72, 2.5 போட்டால் 0.43, 4 போட்டால் 0.27. ஆக, இந்த வேலைக்கு 4 சதுர மி.மீ. தான். தாங்குதிறன் பட்டியல் சொன்னதைப்போல எட்டு மடங்கு.

அந்த இரண்டு 55 வாட் விளக்குகளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள்: பேட்டரியிலிருந்து 4 மீட்டர், எர்த் அரை மீட்டர், 9.2 ஆம்பியர். 1.5 சதுர மி.மீ. ஒயரில் அரை வோல்ட் போகும், 2.5 இல் 0.3. இரண்டாவதை எடுங்கள்.

3. ஒயர் வாங்கும்போது

வீட்டு ஒயரிங்கில் மீந்துபோன ஒற்றைக்கம்பி ஒயரை வண்டியில் போடாதீர்கள். அதிர்வில் வளைந்து வளைந்து முறிந்துவிடும். வண்டிக்கு வேண்டியது பல மெல்லிய இழைகள் கொண்ட ஒயர். உறை சூடு தாங்க வேண்டும்: சாதாரண பி.வி.சி. 70 டிகிரி செல்சியஸ் வரை, மெல்லிய உறை வாகன ஒயர் 105 டிகிரி வரை. எஞ்சின் அறைக்கு இரண்டாவதுதான்.

வெளிச்சுற்றளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. கொழுத்த உறைக்குள் நூல்போல செம்பு வைத்து விற்கிறார்கள். சந்தேகம் வந்தால் இழைகளை எண்ணுங்கள். ஒரு இழையின் விட்டத்தை அதாலேயே பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, இழை எண்ணிக்கையால் பெருக்கினால் சதுர மி.மீ. வந்துவிடும். 0.30 மி.மீ. இழை 28 இருந்தால் 1.98, அதாவது 2 சதுர மி.மீ. ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க ஒயர் அளவு) எண் போட்ட ஒயர் என்றால், எண் கூடக்கூட ஒயர் மெலியும்: 10 என்பது 5.3, 12 என்பது 3.3, 14 என்பது 2.1 சதுர மி.மீ.

செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரும் புழக்கத்தில் இருக்கிறது. அதே தடிமனுள்ள செம்பைப்போல ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். ஈரம் பட்டால் அரிக்கும், கிரிம்ப் செய்த இடம் (ஒயர் நுனியில் டெர்மினல் எனும் உலோக முனையை நசுக்கி இறுக்கிய இடம்) நாளடைவில் தளரும். கண்டுபிடிப்பது சுலபம்: ஓர் இழையை பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு நிறம் என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. கடற்கரைக் காற்றிலும் தாக்குப்பிடிக்கும் உயர்ந்த சரக்கு.

4. பியூஸ் ஒயருக்குத்தான் காவல்

பியூஸ் சாதனத்தைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் அதைச் சாதனத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் இருக்கும் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. ஒரு கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சில நொடிகளில் ஒயர் சிவந்து உறை பற்றிக்கொள்ளும். எனவே பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

அளவு: ஓடும் கரன்ட் பியூஸ் எண்ணில் 70, 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 9.2 ஆம்பியருக்கு 15 ஆம்பியர் பியூஸ். அந்த 15, ஒயரின் தாங்குதிறனுக்குக் கீழே இருக்க வேண்டும். பியூஸ் அதன் எண்ணைத் தாண்டிய உடனே போய்விடாது என்பதை நினைவில் வையுங்கள். சாதாரண பிளேடு பியூஸ் 10 சதவீதக் கூடுதலை நாள் கணக்கில் தாங்கும். 35 சதவீதம் கூடினாலும் போவதற்குப் பத்து நிமிடம் வரை ஆகலாம். அத்தனை நேரமும் சூட்டை வாங்கிக்கொள்வது ஒயர்.

வழியில் ஒயர் கிளை பிரிந்து மெலிந்தால் மெல்லிய கிளையும் அதே பியூஸைத் தாங்க வேண்டும். தாங்காதென்றால் அந்தக் கிளைக்குத் தனிப் பியூஸ். இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்: 30 ஆம்பியர் பியூஸ் போட்ட ஒயரிலிருந்து 0.5 சதுர மி.மீ. ஒயரைக் கிள்ளி ஒரு யு.எஸ்.பி. சாக்கெட் மாட்டுவது.

பிளேடு பியூஸ் நிறங்கள்: 5 பழுப்பு மஞ்சள், 7.5 காப்பி நிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 வெள்ளை அல்லது நிறமற்றது, 30 பச்சை. அதற்கு மேல் என்றால் பெரிய பிளேடு பியூஸ்களோ போல்ட் போட்டு இறுக்கும் பியூஸ்களோ. பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று பெரிய எண்ணைப் போடுபவரிடம் வாதாடிப் பயனில்லை. சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. ரிலே

சுவிட்சுக்குள் பத்து ஆம்பியரை ஓடவிடாதீர்கள், ரிலே போடுங்கள். காயிலில் ஓடும் சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் மின்காந்த சுவிட்ச் அது. முனை எண்கள் பெரும்பாலான தயாரிப்புகளில் ஒன்றுதான்: 30 இல் பியூஸ் வழியாக பேட்டரி, 87 இல் விளக்கு, 85, 86 இல் காயில். 87ஏ என்று ஒன்று இருந்தால், ரிலே ஓய்வில் இருக்கும்போது 30 உடன் சேர்ந்திருப்பது அது. விளக்கை அதில் மாட்டினால் சுவிட்சை அணைத்ததும் எரியும். காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான், ஆகவே சுவிட்ச் ஒயர் மெல்லியதாக இருக்கலாம். ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது.

6. கிரிம்ப்பிங்

முனைகளில்தான் சூடு என்றேன். காரணம் எளிய கணக்கு. தளர்ந்த ஒரு இணைப்பில் மின்தடை 0.1 ஓம் மட்டும் என்று வையுங்கள். 15 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைக் கனெக்டருக்குள் செருகி வைத்ததற்குச் சமம். கரன்ட் 15க்குள் இருப்பதால் பியூஸுக்கு இது தெரியவே தெரியாது. கனெக்டர் காப்பி நிறமாகி, நொறுங்கி, உருகும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். நெகட்டிவ் கழன்ற பிறகு பட்டாலும் ஒன்றும் ஆகாது. மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

உறையைச் சீவ ஸ்டிரிப்பர் வேண்டும். பல்லாலும் பிளேடாலும் சீவினால் நாலைந்து இழைகள் போய்விடும், மிச்சத்திலும் வெட்டுக்காயம் இருக்கும். சீவும் நீளம் டெர்மினல் குழலின் நீளத்தோடு ஒரு மி.மீ. கூட. இழைகளை லேசாக முறுக்கி, ஒன்றுகூட வெளியே மடியாமல் உள்ளே செலுத்துங்கள். குழலின் மறுமுனையில் இழைகள் ஒரு மி.மீ. எட்டிப் பார்க்க வேண்டும். உறை குழலின் வாய்வரை வந்து நிற்க வேண்டும். குழலுக்குள் உறை நுழைந்தால் நீங்கள் இறுக்கியது பிளாஸ்டிக்கை.

உறை போட்ட டெர்மினல்களில் நிறமே அளவு: சிவப்பு 0.5 முதல் 1.5, நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6 சதுர மி.மீ. பெரிய டெர்மினலில் மெல்லிய ஒயரை மடித்துத் திணிப்பது வேண்டாம்.

கருவியில்தான் விஷயம் இருக்கிறது. கட்டிங் பிளேயரால் நசுக்கியது பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் உள்ளே இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும், அந்தக் காற்று வழியே துரு வரும். ராட்செட் கிரிம்ப்பர் முழு அழுத்தம் கொடுக்கும்வரை வாயைத் திறக்காது. இரண்டு ஜோடி இறக்கை வைத்த திறந்த டெர்மினல் என்றால், முன் ஜோடி செம்பையும் பின் ஜோடி உறையையும் பிடிக்க வேண்டும். பின் ஜோடி இல்லாமல் போனால் அதிர்வு முழுக்க இழைகள் மேல் விழும். முடிந்ததும் ஒயரையும் டெர்மினலையும் இரு கையால் பிடித்துப் பலமாக இழுங்கள். கழன்று வந்தால் சந்தோஷப்படுங்கள், மேசையிலேயே தெரிந்துவிட்டது.

சால்டரிங் போதாதா என்று கேட்பார்கள். மேசைமேல் இருக்கும் பொருளுக்கு சால்டர் அருமையானது. வண்டியில், உருகிய ஈயம் உறைக்குள் ஊர்ந்து ஏறி ஒயரை ஒரு குச்சியாக்கிவிடும். அந்தக் குச்சி முடியும் இடத்தில் அதிர்வு ஒயரை முறிக்கும். சால்டர் செய்யத்தான் வேண்டும் என்றால் இருபுறமும் ஒயரை அசையாமல் கட்டுங்கள். திருகு போட்டு இறுக்கும் முனையில் ஈயம் தோய்த்த ஒயரை வைக்கவே கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிக்கொள்ளும், திருகு தளரும்.

ஒயரை வெட்டாமல் மேலே கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். கடிக்கும்போது இழைகள் சிலவற்றை வெட்டுகின்றன, வெட்டிய இடத்தில் ஈரம் நுழைகிறது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஞ்சின் சூட்டில் பசை இளகி டேப் தானே அவிழும். உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். சூடு காட்டும்போது இரு முனையிலும் பசை ஒரு வளையமாகக் கசிந்தால் தண்ணீருக்கு வழி அடைபட்டது. டியூபை ஒயரில் முதலிலேயே கோத்துவிடுங்கள்.

7. எர்த்

பாசிட்டிவ் ஒயருக்கு இத்தனை யோசித்துவிட்டு, நெகட்டிவை ஏதோ ஒரு திருகின் கீழ் செருகிவிடுவார்கள். போன கரன்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதே தடிமன் ஒயர், கிரிம்ப் செய்த வளைய டெர்மினல், பாடியின் உறுதியான பகுதியில் போல்ட். அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு மேலே பெயின்ட் அல்லது வாசலின் பூசுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் மெல்லிய தகடு எர்த்துக்கு ஆகாது.

நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் இருக்கும் வண்டிகளில் புதிய எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டக் கூடாது. சென்சாரைத் தாண்டிப் போகும் கரன்ட்டை வண்டி கணக்கில் எடுக்காது, சார்ஜிங் குழம்பும். பாடியிலேயே மாட்டுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையையும் ஒரு பார்வை பாருங்கள். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கிளட்ச் கேபிள் சூடாகிறதென்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

8. ஒயரை எடுத்துச் செல்வது

தகட்டுத் துளை வழியாகப் போகும் ஒயருக்கு ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். இல்லையென்றால் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும். சைலன்சர், எக்ஸாஸ்ட், சுழலும் பெல்ட், ஸ்டியரிங் தண்டு இவற்றிலிருந்து விலக்கி, நெளிகுழாய்க்குள் போட்டு, ஒரு அடிக்கு ஒரு கட்டு. எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே போகும் ஒயரில் தளர்வு விடுங்கள். கனெக்டருக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஜோடியாக முறுக்கிக்கொண்டு போகும் மெல்லிய ஒயர்கள் பெரும்பாலும் கேன் பஸ், அதாவது வண்டியின் கணினிகள் தமக்குள் தகவல் அனுப்பும் ஒயர்கள். அவற்றிலிருந்து கரன்ட் எடுக்க முயல வேண்டாம்.

9. போட்டு முடித்தபின்

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சாதனத்தை ஓடவிட்டு அளக்க வேண்டும். ஓடாத நிலையில் அளந்தால் மோசமான இணைப்பும் 12.6 காட்டும். ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில், மற்றதைச் சாதனத்தின் பாசிட்டிவில் வையுங்கள். திரையில் வருவது வழியில் தொலைந்த வோல்ட். அடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து சாதனத்தின் நெகட்டிவுக்கு அளந்து, இரண்டையும் கூட்டுங்கள். கணக்கில் வந்ததைவிடச் சற்றுக் கூடும், ஏனென்றால் பியூஸ், ரிலே, டெர்மினல் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ரொம்பக் கூடினால் மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் நகர்த்திப் பாருங்கள். ஒரே இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடிய பிறகு பியூஸ் ஹோல்டர், ரிலே அடி, எர்த் போல்ட் மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியவில்லை என்றால் முதலில் பியூஸ் ஹோல்டரைப் பிரியுங்கள். மலிவான ஹோல்டர்களில் பியூஸின் காலைப் பிடிக்கும் தகடு தளர்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.